ஹீலியம் காத்திருக்காது: ஆராய்ச்சியும் அரசும் பற்றி வாசகர் கேள்விகள்

‘அறிவியல் ஆராய்ச்சிக்கு ஒரு நாட்டின் கொள்கை என்ன செய்ய முடியும்? கேள்விகளை அனுப்புங்கள்’ என்று சென்ற இதழில் அறிவித்துவிட்டு, பதில் சொல்லும் வேலையை ஆசிரியர் என் தலையில் கட்டிவிட்டார். இதற்கு எனக்கு என்ன தகுதி என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். 31 வருடம் தாழ்வெப்பநிலை இயற்பியல் ஆய்வகம் ஒன்றை நடத்தினேன். ஓய்வு பெற்ற பிறகு எட்டு வருடம் ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்கும் குழுவில் இருந்தேன். பணம் கேட்கிற நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறேன், கொடுக்கிற நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டிலுமே முதுகு வலிக்கும். சரி, கடிதங்களுக்கு வருவோம்.

கேள்வி: மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் கொடுக்கவே அரசுகளிடம் பணம் போதவில்லை. இதில் உடனடிப் பயன் இல்லாத ஆராய்ச்சிக்கு வரிப்பணத்தை ஏன் கொட்ட வேண்டும்? பயன் இருந்தால் கம்பெனிகளே செய்துவிடுமே!
— வரி கட்டும் வாசகர்

பதில்: நீங்கள் சொல்வது பாதி உண்மை. பயன் தனக்கே வரும், அதுவும் சீக்கிரம் வரும் என்று தெரிந்தால் கம்பெனி செய்யும். மற்றபடி செய்யாது. அதைக் குறை சொல்லவும் முடியாது.

1966இல் தாமஸ் பிராக் என்ற நுண்ணுயிரியலாளர் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், வெந்நீர் ஊற்றுகளின் ஓரத்தில் உட்கார்ந்து இந்தச் சூட்டில் என்ன பிழைத்துக் கிடக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் ஹட்சன் ஃபிரீஸ் என்ற மாணவரும் 70 டிகிரி சூட்டில் சுகமாக வளரும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயர் வைத்தார்கள். செலவு அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையுடையது. எதற்குப் பயன் என்று அன்று கேட்டிருந்தால் பதில் இல்லை. பொதுவான நுண்ணுயிர்ச் சேமிப்பகம் ஒன்றில் ஒரு மாதிரியைக் கொடுத்துவிட்டு பிராக் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

1983இல் சீட்டஸ் என்ற கம்பெனியில் வேலை பார்த்த கேரி முல்லிஸுக்கு பிசிஆர் யோசனை வந்தது. டிஎன்ஏவின் ஒரு துண்டைப் படியெடுத்துப் படியெடுத்துப் பெருக்கும் முறை. ஒவ்வொரு சுற்றிலும் குழாயை 95 டிகிரி வரை சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில், படியெடுக்கும் நொதி செத்துப்போகும். ஆகவே சுற்றுக்குச் சுற்று மூடியைத் திறந்து புது நொதியை விட வேண்டும். முப்பது சுற்று என்றால் முப்பது முறை, ராத்திரி முழுக்க ஒருவர் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் பிராக்கின் பாக்டீரியா கைகொடுத்தது. வெந்நீர் ஊற்றில் வாழும் ஜந்துவின் நொதி அந்தச் சூட்டைத் தாங்குமல்லவா? சேமிப்பகத்திலிருந்து அதை 35 டாலருக்கு வாங்கினார்கள். 1991இல் பிசிஆர் உரிமையை ரோஷ் கம்பெனி வாங்கிய விலை 30 கோடி டாலர். கொரோனா காலத்தில் உங்கள் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்தப் பரிசோதனையின் வேர் அந்த ஊற்றில் இருக்கிறது.

1966இல் எந்தக் கம்பெனி பிராக்கை அங்கே அனுப்பியிருக்கும்? அனுப்பியிருந்தாலும், 17 வருடம் கழித்து லாபம் பார்த்தது வேறொரு கம்பெனி. விதைத்தவன் ஒருவன், அறுத்தவன் இன்னொருவன். யார் வயலுக்குத் தண்ணீர் பாய்ந்தாலும் தனக்கு நஷ்டமில்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அரசுதான்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான ஆராய்ச்சி இப்படி எங்கும் போய்ச் சேராது. என் 31 வருடத்தில் உலகம் மாறவில்லை. சில உலோகக் கலவைகள் எந்த வெப்பநிலையில் மின்தடையை இழக்கின்றன என்று தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டாவது இலக்கத்தைத் திருத்தினேன். அவ்வளவுதான். எந்த ஊற்றில் எந்த ஜந்து இருக்கிறது என்று முன்கூட்டியே தெரியாததால்தான் பல ஊற்றுகளுக்கு ஆள் அனுப்ப வேண்டியிருக்கிறது.

கேள்வி: மொத்த உற்பத்தியில் 3 சதவீதத்தை ஆராய்ச்சிக்கு ஒதுக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாடும் சட்டம் போட்டுவிட்டால் என்ன?
— பொருளியல் மாணவர்

பதில்: போடலாம். 2002இல் பார்சிலோனாவில் கூடிய ஐரோப்பிய ஒன்றியத் தலைவர்கள் 2010க்குள் 3 சதவீதம் என்று இலக்கு வைத்தார்கள். அந்த வருடம் வந்து போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆன பிறகும் அவர்கள் 2 சதவீதத்தைச் சற்றே தாண்டி நிற்கிறார்கள். தென்கொரியா 5 சதவீதத்தைத் தொட்டதையும் இஸ்ரேல் அதையும் தாண்டியதையும் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் கொரியாவில் அந்தச் செலவில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் செய்வது கம்பெனிகள். கம்பெனி எவ்வளவு செலவழிக்கும் என்பது அரசின் பேனாவில் இல்லை. தன் பங்கு எவ்வளவு, அதை எப்போது, எப்படிக் கொடுக்கிறது என்பதுதான் அரசின் கையில் இருக்கிறது. எனக்கு இந்த ‘எப்படி’தான் முக்கியம். அடுத்த கடிதமும் அதைப் பற்றியதுதான்.

கேள்வி: நான் முனைவர் பட்ட ஆய்வாளன். என் உதவித்தொகை ஏழு மாதமாக வரவில்லை. ‘ஒப்புதல் ஆகிவிட்டது, வந்துகொண்டிருக்கிறது’ என்கிறார்கள். புதிய ஆராய்ச்சித் திட்டங்களை மட்டும் மாதம் ஒன்றாக அறிவிக்கிறார்கள். இதற்கு என்னதான் கொள்கை?
— பெயர் வெளியிட விரும்பாத ஆய்வாளர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எனக்கும் இப்படி ஒரு கதை உண்டு.

ஒரு திட்டத்துக்கு மூன்று செலவுகள் கேட்டிருந்தேன். ஒரு மாணவருக்கு உதவித்தொகை, வருடம் முழுக்கத் திரவ ஹீலியம், மிகச் சிறிய மின்னழுத்தத்தை அளக்கும் ஒரு பெருக்கி. நிதியாண்டின் தொடக்கத்திலேயே ஒப்புதல் கடிதம் வந்தது. பணம் வந்தபோது நிதியாண்டு முடிய மூன்று வாரம் பாக்கி. அதற்குள் செலவழிக்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும். உதவித்தொகையை முன்பணமாகக் கொடுக்க விதி இடம் தரவில்லை. ஹீலியத்தை வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. அது மைனஸ் 269 டிகிரியில் கொதிக்கிற திரவம், எவ்வளவு நல்ல குடுவையில் வைத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போய்விடும். நான் கேட்ட பெருக்கி இறக்குமதியாகி வர நான்கு மாதம் ஆகும். மூன்று வாரத்தில் கைக்கு வரக்கூடியது எது? மின் அலைகளைத் திரையில் காட்டும் ஓர் ஆஸிலோஸ்கோப். ஏற்கெனவே எங்களிடம் இரண்டு இருந்தன. மூன்றாவதை வாங்கினோம். நான் ஓய்வு பெறும் வரை அது பிளாஸ்டிக் உறையோடு மூலையில் நின்றது. தணிக்கையில் ஒரு கேள்வியும் வரவில்லை. கணக்கு சுத்தமாக இருந்ததே!

அந்த மாணவர் ஐந்து மாதம் பொறுத்துப் பார்த்தார். நல்ல கை அவருக்கு. டாங்கில் ஹீலியம் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க எங்களிடம் பழைய முறை ஒன்று உண்டு. மெல்லிய, நீளமான குழாயின் தலையில் ரப்பர் படலம் கட்டி உள்ளே மெதுவாக இறக்குவோம். படலம் துடிக்கும். கட்டைவிரலை அதன் மேல் வைத்திருந்தால், குழாயின் முனை திரவத்தைத் தொடும்போது துடிப்பின் வேகம் மாறுவது தெரியும். எனக்கு இரண்டு மூன்று தடவை ஏற்றி இறக்கினால்தான் பிடிபடும். அவருக்கு ஒரே தடவையில், ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்திலும் தெரியும். ஆறாவது மாதம் மென்பொருள் வேலைக்குப் போய்விட்டார். தப்பே இல்லை, அவருக்கும் வீடு இருக்கிறது. அந்தக் கட்டைவிரலை ஆஸிலோஸ்கோப்பைக் கொடுத்துத் திரும்ப வாங்க முடியுமா?

தாமதம் மட்டும்தான் கெடுதல் என்று நினைக்காதீர்கள். திடீரென்று கொட்டுவதும் கெடுதல். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதியை 1998க்கும் 2003க்கும் இடையில் ஏறத்தாழ இரட்டிப்பாக்கினார்கள். 1,360 கோடி டாலராக இருந்தது 2,700 கோடியைத் தொட்டது. பல்கலைக்கழகங்கள் புதுக் கட்டடம் எழுப்பின, ஆய்வகங்கள் ஆள் சேர்த்தன. அதன் பிறகு ஏற்றம் அப்படியே நின்றுவிட்டது. விலைவாசி ஏறியதால் உண்மையில் நிதி தேயத் தொடங்கியது. ஆனால் அந்த ஐந்து வருடத்தில் உருவான ஆய்வாளர்கள் எல்லோரும் இப்போது விண்ணப்பித்தார்கள். மூன்றில் ஒருவருக்குக் கிடைத்துக்கொண்டிருந்த நிதி, ஐந்தில் ஒருவருக்கு என்ற அளவுக்கு இறங்கியது. அதிகம் அடிபட்டவர்கள் இளையவர்கள்தான்.

என்னைக் கேட்டால், புதிய திட்டங்களை அறிவிப்பதை இரண்டு வருடம் நிறுத்தி வைத்துவிட்டு, அறிவித்தவற்றுக்கு மாதத்தின் முதல் தேதியில் பணம் போய்ச் சேருகிறதா என்று பார்த்தாலே போதும். மிச்சமான பணம் அடுத்த வருடத்துக்குத் தானாக நகர வேண்டும். ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றம் 2007இல் தொடங்கியபோது ஒரு நல்ல காரியம் செய்தது. நிதி ஐந்து வருடம் வரை உறுதி. ஆய்வாளர் வேறு நிறுவனத்துக்கு மாறினால் பணமும் அவர் கூடவே போகலாம். நிர்வாகம் சரியில்லை என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார் என்ற பயம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் கொஞ்சம் இருப்பது நல்லதுதானே.

உங்கள் ஏழு மாதத்துக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒப்புதல் கடிதத்தின் எண்ணும் தேதியும் போட்டு, எழுத்தில் ஒவ்வொரு மாதமும் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் கோப்பில் நீங்கள் இருக்கவே மாட்டீர்கள்.

கேள்வி: மூன்று முறை விண்ணப்பித்தும் என் திட்டத்தை நிராகரித்துவிட்டார்கள். எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கு அடித்தளம் போட்ட கேட்டலின் கரிக்கோவையும் ஒரு காலத்தில் நிதி கொடுக்காமல் ஒதுக்கினார்கள், பிறகு அவரே நோபல் பரிசு வாங்கினார். குழுவில் இருப்பவர்கள் வேண்டப்பட்டவர்களுக்குத்தான் கொடுப்பார்களா? நீங்கள் உள்ளே இருந்தவர், மறைக்காமல் சொல்லுங்கள்.
— கல்லூரிப் பேராசிரியை

பதில்: கரிக்கோவைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம் அம்மா. அவர் திட்டம் நிராகரிக்கப்பட்டது என்பதால் நிராகரிக்கப்பட்ட திட்டமெல்லாம் அவருடையதைப் போல ஆகிவிடாது.

உள்ளே நடப்பது இதுதான். ஒன்றரை நாளில் 34 விண்ணப்பங்கள். நான்கு பிரமாதம், ஒரு விவாதமும் இல்லை. பத்து தேறாது, அதிலும் விவாதம் இல்லை. மிச்சம் இருபது. எல்லாமே நல்லவை, பணம் இருப்பதோ ஆறுக்கு. அந்த இருபதில் ஏழாவதற்கும் பதினைந்தாவதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் சத்தியமாக எனக்குச் சொல்லத் தெரியாது. வேண்டியவர், வேண்டாதவர் பார்ப்பதும் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிட அதிகம் வேலை செய்வது களைப்பு, தெரிந்த பெயர் தரும் நிம்மதி, ‘இது நடக்குமா?’ என்ற பயம். ஒருமுறை ஒரு விண்ணப்பத்துக்கு நான் குறைத்து மதிப்பெண் போட்டேன். காரணம், படங்கள் அலங்கோலமாக இருந்தன. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்த இரண்டாவது விண்ணப்பம் அது. ஐந்து வருடம் கழித்து அதே யோசனையை வேறொரு நாட்டில் யாரோ செய்து முடித்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அழகாக இருந்தன.

நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சி மன்றம் 2013இல் ஒருவகைச் சிறு நிதியைச் சீட்டுக் குலுக்கிக் கொடுக்கத் தொடங்கியது. முதலில் தகுதி பார்ப்பார்கள். தேறியவர்களுக்கிடையில் குலுக்கல். ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன் அறக்கட்டளையும் 2017இல் இதை முயன்று பார்த்தது. கேட்க விளையாட்டாக இருக்கும். ஆனால் இருபதில் ஆறைத் தேர்ந்தெடுக்க நாங்கள் செய்ததும் ஒருவகைக் குலுக்கல்தான், என்ன, அதற்கு ‘நிபுணர் மதிப்பீடு’ என்று பெயர். நிஜக் குலுக்கலில் தெரிந்த பெயருக்கு மரியாதை கிடையாது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஆஸ்திரேலியாவின் தேசியச் சுகாதார, மருத்துவ ஆராய்ச்சி மன்றத்துக்கு 2012இல் வந்த சுமார் 3,700 விண்ணப்பங்களை எழுத ஆய்வாளர்கள் எவ்வளவு நேரம் செலவழித்தார்கள் என்று சிலர் கணக்கெடுத்தார்கள். எல்லோருடைய நேரத்தையும் கூட்டினால் ஏறத்தாழ 550 வருடம். அதில் தேறியவை ஐந்தில் ஒன்று. முதல் சுற்றுக்கு இரண்டு பக்கம் போதும் என்று ஒரு விதி போட்டால் எத்தனை வருடம் மிச்சமாகும், பாருங்கள். பைசா செலவில்லாத விதி.

நான்காவது முறை அனுப்புங்கள். படங்களை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆராய்ச்சியெல்லாம் கட்டுரையாகவே முடிந்துவிடுகிறது. தொழிற்சாலைக்கு வந்து சேருவதில்லை. அரசு என்ன செய்யலாம்?
— சிறுதொழில் நடத்துபவர்

பதில்: கட்டுரை தானாக நடந்து தொழிற்சாலைக்கு வராது. மனிதர்கள்தான் நடக்க வேண்டும். தைவான் அரசு 1973இல் தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கென்று ஒரு நிறுவனம் தொடங்கியது. 1976இல் அமெரிக்காவின் ஆர்சிஏ கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, தன் பொறியாளர்களைச் சில்லு செய்யக் கற்றுக்கொள்ள அங்கே அனுப்பியது. ஆர்சிஏவிடம் வாங்கியது அப்போதே பழசாகிக்கொண்டிருந்த தொழில்நுட்பம். பரவாயில்லை என்று வாங்கினார்கள். திரும்பி வந்தவர்கள் அரசு நிறுவனத்துக்குள்ளேயே ஒரு மாதிரித் தொழிற்சாலை நடத்தினார்கள். அதன் பிறகு செய்ததுதான் எனக்குப் பிடித்தது. அந்த ஆட்களை அரசு கட்டிப்போடவில்லை, வெளியே போகவிட்டது. 1980இல் யுஎம்சி என்ற சில்லுக் கம்பெனி பிறந்தது. 1987இல் மோரிஸ் சாங் தலைமையில் டிஎஸ்எம்சி என்ற இன்னொரு சில்லுக் கம்பெனி பிறந்தது. தொடக்க மூலதனத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு அரசுடையது, கால் பங்குக்கு மேல் ஃபிலிப்ஸ் போட்டது. இன்று உங்கள் கைபேசிக்குள் இருக்கும் சில்லு அங்கே செய்ததாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

பல இடங்களில் அரசு ஆய்வக வேலையைவிட்டு ஒருவர் தொழில் தொடங்கப் போனால், திரும்பி வர வழி கிடையாது. ஓய்வூதியமும் போய்விடும். ‘மூன்று வருடம் போய்ப் பார், சரிப்படவில்லை என்றால் நாற்காலி இருக்கும்’ என்ற ஒரு வரி விதிக்கு, எத்தனையோ புத்தாக்க மாநாடுகளைவிட மதிப்பு அதிகம்.

இன்னொன்று, முதல் வாடிக்கையாளராக அரசு இருக்க முடியும். ஒருங்கிணைந்த மின்சுற்று என்று சொல்லும் ஐசி, 1962இல் சராசரியாக 50 டாலர். அந்த விலையில் யார் வாங்குவார்கள்? அமெரிக்க அரசு வாங்கியது. மினிட்மேன் ஏவுகணைக்கும் சந்திரனுக்குப் போன அப்பல்லோவின் கணினிக்கும் வேண்டியிருந்தது. நிறையச் செய்யச் செய்யப் பழுது குறைந்தது, விலை இறங்கியது. 1968இல் மூன்று டாலருக்கும் கீழே. விலையை இறக்க அரசு மானியத்தை நம்பவில்லை. ‘இந்தத் தரத்தில் செய்து கொடு, காசு தருகிறேன்’ என்றது, அவ்வளவுதான். உங்களைப் போன்ற சிறு தொழிலுக்கு இது பொருந்த வேண்டுமானால் டெண்டர் விதி மாற வேண்டும். ‘இதே பொருளை ஐந்து வருடமாக விற்ற அனுபவம் வேண்டும்’ என்று கேட்கும் டெண்டரில் புதுப் பொருள் எப்படி நுழையும்?

கேள்வி: அரசுப் பணத்தில் கண்டுபிடித்ததற்குக் காப்புரிமை யாருக்குப் போக வேண்டும்?
— சட்டக் கல்லூரி மாணவி

பதில்: அமெரிக்காவில் 1980க்கு முன்னால் அரசே வைத்துக்கொண்டது. 28,000 காப்புரிமைகள் கையில் இருந்தன, அதில் 5 சதவீதம்கூட யாரும் உரிமம் வாங்கிப் பயன்படுத்தவில்லை. அந்த வருடம் வந்த பே–டோல் சட்டம் உரிமையைப் பல்கலைக்கழகங்களுக்கே கொடுத்தது. நல்லதுதான். ஆனால் அதில் பணம் கொழித்த பல்கலைக்கழகங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மருந்துக்குக் காப்புரிமை வேண்டும், அது இல்லாமல் யாரும் அவ்வளவு பணத்தைப் போட மாட்டார்கள். கருவிகளுக்கும் அடிப்படை முறைகளுக்கும் வேண்டாம் என்பது என் கட்சி. ஐரோப்பாவின் அணுத்துகள் ஆய்வகமான செர்ன் 1993 ஏப்ரல் 30 அன்று வைய விரிவு வலையின் மென்பொருளை எல்லோருக்கும் இலவசம் என்று விட்டுவிட்டது. காப்புரிமை வாங்கியிருந்தால் செர்னுக்குக் கொஞ்சம் பணம் வந்திருக்கும், நமக்கு வலை வந்திருக்குமா என்பது சந்தேகம்.

கேள்வி: எதை ஆராய வேண்டும் என்று அரசு சொல்லலாமா? அல்லது விஞ்ஞானிகளிடமே விட்டுவிட வேண்டுமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: எந்தச் சிக்கல் தீர வேண்டும் என்று சொல்லலாம், ஐயா. விடை இன்னதுதான் என்று சொல்லக் கூடாது. சோவியத் யூனியனில் லைசென்கோ என்ற வேளாண் விஞ்ஞானியின் கொள்கையே சரி, மரபணுவியல் தப்பு என்று அரசு முடிவு கட்டியது. உலகம் முழுக்கச் சுற்றி விதை சேகரித்த, லைசென்கோவை எதிர்த்த மரபணுவியலாளர் நிக்கோலாய் வவிலோவ் 1943இல் சிறையில் இறந்தார். அந்த நாட்டின் உயிரியல் பல வருடம் முடங்கிக் கிடந்தது.

சரியாகக் கேட்டதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 1714இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. நடுக்கடலில் கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வழியைச் சொல்பவருக்கு 20,000 பவுண்டு வரை பரிசு. எந்த முறை என்று சட்டம் சொல்லவில்லை. வானியலாளர்கள் எல்லோரும் நிலாவையும் நட்சத்திரத்தையும் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தையும் கப்பல் இருக்கும் இடத்தின் நேரத்தையும் ஒப்பிட்டாலே தீர்க்கரேகை தெரிந்துவிடும் என்பதால், ஜான் ஹாரிசன் என்ற தச்சர், கடல் ஆட்டத்திலும் பிசகாத கடிகாரம் செய்யலாம் என்று கிளம்பினார். 1761இல் ஜமைக்காவுக்குப் புறப்பட்ட கப்பலில் அவருடைய நான்காவது கடிகாரம் போயிற்று. 81 நாளில் ஏறத்தாழ 5 வினாடிதான் பிசகியது.

இங்கேதான் கொள்கையின் ஓட்டை தெரிந்தது. பரிசை முடிவு செய்யும் குழுவில் வானியலாளர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான நெவில் மாஸ்கலின், நிலாவை வைத்துக் கணக்கிடும் முறையை முன்னிறுத்தியவர். போட்டியாளரே நடுவர். இன்னொரு சோதனை, பிரித்துக் காட்டு, இன்னொன்று செய்து காட்டு என்று இழுத்தடித்தார்கள். கடைசியில் நாடாளுமன்றமே தலையிட்டு 1773இல் மிச்சப் பணத்தைக் கொடுத்தது. அப்போது ஹாரிசனுக்கு 80 வயது. இருநூற்றைம்பது வருடம் ஆகியும், குழுக்களில் நான் பார்த்த பாதிச் சண்டைகள் இந்தச் சண்டைதான்.

கேள்வி: நோபல் பரிசு வாங்க ஓர் அரசு என்ன செய்ய வேண்டும்?
— பத்தாம் வகுப்பு மாணவன்

பதில்: முப்பது வருடத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டும். ஜப்பான் 2001இல் ‘ஐம்பது வருடத்தில் 30 நோபல்’ என்று திட்டத்திலேயே எழுதி வைத்தது. அதன் பிறகு நிறையவே வாங்கியது. ஆனால் 2014இல் பரிசு பெற்ற நீல எல்இடி வேலை, 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் நடந்தது. பரிசு இன்றைய அமைச்சருக்கு வரும் செய்தி, பெருமை எப்போதோ ஓய்வு பெற்ற அமைச்சருடையது. நீ முதலில் பத்தாம் வகுப்பை முடி.

கேள்வி: அறிவியல் துறைக்கு நல்ல அமைச்சரும் நிறைய நிதியும் இருந்தால் போதுமா?
— வாசகி

பதில்: போதாது. நான் பயன்படுத்திய ஹீலியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க அரசு டெக்சாஸில் பூமிக்கு அடியில் பெரிய ஹீலியம் இருப்பு வைத்திருந்தது. 1996இல் அதை விற்றுத் தீர்க்க ஒரு சட்டம் போட்டார்கள். விலையைப் பழைய கடனைத் தீர்க்கும் கணக்கில் நிர்ணயித்தார்கள். ஹீலியத்தின் ஒரு வகையான ஹீலியம்-3 பற்றிய ஆராய்ச்சிக்காக அதே வருடம் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ராபர்ட் ரிச்சர்ட்சன், இவ்வளவு மலிவாக விற்றால் ஊதாரித்தனமாகத்தான் செலவாகும் என்று பிற்காலத்தில் எச்சரித்துக்கொண்டே இருந்தார். காற்றில் தப்பிய ஹீலியம் பூமியைவிட்டே போய்விடும். 2013இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இடையில் தட்டுப்பாடு வந்தபோதெல்லாம் உலகம் முழுக்க ஆய்வகங்கள் இயந்திரத்தை நிறுத்தி வைத்தன. அந்தச் சட்டத்தை எழுதும்போது யாரும் அதை அறிவியல் கொள்கை என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

எங்கள் ஆய்வகத்தில் ஆவியாகும் ஹீலியத்தைப் பிடித்து மீண்டும் திரவமாக்கும் இயந்திரம் கேட்டேன். நான்கு வருடத்தில் போட்ட காசு திரும்பிவிடும். கிடைக்கவில்லை. ஹீலியம் ‘நுகர்பொருள்’ தலைப்பில் வருகிறது, இயந்திரம் ‘மூலதனம்’ தலைப்பில் வருகிறது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற முடியாது. ஆகவே வருடா வருடம் வாங்கிக் காற்றில் விட்டோம். சுங்கவரி, விசா, கணக்குத் தலைப்பு: அறிவியல் கொள்கையின் முக்கால் பங்கு இந்த மேசைகளில்தான் இருக்கிறது.

கேள்வி: நான் ஓர் ஆய்வகத் தொழில்நுட்பர். 22 வருட அனுபவம். எந்தக் கொள்கை அறிக்கையிலும் எங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. கூடவே ஒரு சந்தேகம்: குளிர்விக்கும்போதெல்லாம் எங்கள் இன்டியம் சீல் கசிகிறது. என்ன செய்யலாம்?
— ஆய்வகத் தொழில்நுட்பர்

பதில்: எங்களிடம் கண்ணாடி ஊதும் கலைஞர் ஒருவர் இருந்தார். இரட்டைச் சுவர்க் குடுவையை ஊதி, நடுவில் வெற்றிடமாக்கி, ஒரு மயிரிழை விரிசல் இல்லாமல் மூடித் தருவார். விரிசல் இருக்கிறதா என்று கருவி சொல்வதற்கு முன் காதை வைத்துச் சொல்லிவிடுவார். அவர் ஓய்வு பெற்ற அன்று நாங்கள் ஆறு பேராசிரியர்கள் பேசினோம், மாலை போட்டோம். அவர் பதவியை ‘அவசியமற்றது’ என்று நீக்கிவிட்டார்கள். எட்டு மாதம் கழித்து ஒரு குடுவை உடைந்தது. பெரிய திட்டம் ஒன்று, கோடிக்கணக்கில் நிதி, ஐந்து ஆய்வாளர்கள். ஒன்றரை வருடம் எல்லோரும் அந்தக் குடுவைக்காகக் காத்திருந்தோம். அவரிடம் பழக இரண்டு இளைஞர்களை அவர் இருக்கும்போதே சேர்த்திருந்தால் ஆன செலவு, அந்த ஆஸிலோஸ்கோப்பின் விலைக்குள் அடங்கியிருக்கும்.

சீல் விஷயம். மற்றவர்களுக்காக ஒரு வரி: இன்டியம் என்ற மென்மையான உலோகத்தின் கம்பியை மூடியின் விளிம்பில் வைத்து நசுக்கி, கசியாமல் அடைப்பதுதான் இது. ஒரு மில்லிமீட்டர் கம்பி போதும். பழைய இன்டியத்தை விளிம்பிலிருந்து முழுக்கச் சுரண்டி எடுத்துவிடுங்கள், உலோகக் கத்தி வேண்டாம், கீறிவிடும். அசிட்டோனால் துடையுங்கள். கம்பியின் இரண்டு முனைகளும் போல்ட் துளைக்கு வெகு பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்று குறுக்காக ஏறியிருக்கட்டும், முட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அதன் பிறகு உடனே குளிர்விக்கிறீர்கள் போலிருக்கிறது, கசிவு அங்கேதான். இன்டியம் மெதுவாக நசுங்கிப் பரவும் உலோகம். ராத்திரி அப்படியே விட்டுவிட்டு, காலையில் வந்து எல்லா போல்ட்டையும் இன்னொரு முறை முறுக்கிவிட்டு அப்புறம் குளிர்வியுங்கள்.